டெக்சஸின் சிறிய பள்ளி மாவட்டங்கள்: நிதியும் தரமதிப்பீடும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சஸில் டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் ஆகிய நகரங்களின் ஓரத்திலோ அவற்றைத் தாண்டியோ வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள், ஐந்நூறோ ஆயிரமோ மாணவர்கள் மட்டுமே படிக்கும் சிறிய பள்ளி மாவட்டத்துக்குள் (ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) வந்துவிடுவது உண்டு. அங்கே நிதிக் கணக்கும் தேர்ச்சிக் கணக்கும் பெரிய மாவட்டங்களில் நடப்பதுபோல் நடப்பதில்லை. பெற்றோரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

‘சிறிய’ மாவட்டம் என்பதற்கு வரையறை உண்டா?

உண்டு. நிதிச் சட்டப்படி, சராசரி தினசரி வருகை 1,600-க்குக் கீழே இருந்தால் அது சிறிய மாவட்டம். 5,000-க்குக் கீழே இருந்தால் நடுத்தரம். இந்த இரண்டு வகைக்கும் மாநிலம் கூடுதல் பணம் தருகிறது. மழலையர் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை நடத்தும் ஒரு மாவட்டத்தில் 400 பேர் படித்தாலும் ஒரு வேதியியல் ஆசிரியர், ஒரு நூலகர், ஒரு பேருந்துத் தடம் ஆகியவை வேண்டும். 4,000 பேருக்குப் பத்து மடங்கு தேவைப்படாது. அந்த ஏற்றத்தாழ்வை ஈடுகட்டத்தான் இந்தத் தொகை.

பணம் எங்கிருந்து வருகிறது?

மூன்று இடங்களிலிருந்து: உள்ளூர் சொத்து வரி, மாநில அரசு, கூட்டாட்சி அரசு. இவற்றில் கூட்டாட்சிப் பங்குதான் மிகக் குறைவு. ஏழை மாணவர்களுக்கான ‘டைட்டில் ஒன்’, சிறப்புக் கல்விக்கான ‘ஐடியா’, மதிய உணவு போன்ற குறிப்பிட்ட செலவுகளுக்கென்றே வரும். கொரோனா காலத்தில் வந்த ‘எஸ்ஸர்’ நிதியை ஒதுக்கி முடிக்க 2024 செப்டம்பர் 30 கடைசி நாள். அந்தப் பணத்தில் நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கிய மாவட்டங்கள்தான் அதற்குப் பிறகு ஆட்குறைப்பில் இறங்க வேண்டியிருந்தது.

மீதியை மாநிலச் சூத்திரம் தீர்மானிக்கிறது. அதன் அடிக்கல் ‘அடிப்படை ஒதுக்கீடு’. 2019-இல் ஒரு மாணவருக்கு 6,160 டாலர் என்று வைத்தார்கள். ஆறு ஆண்டுகள் அது அசையவே இல்லை. விலைவாசி ஏறிய அந்த ஆறு ஆண்டுகளும் சிறிய மாவட்டங்களுக்குக் கடுமையாகவே இருந்தன. 2025-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய ஹவுஸ் பில் 2 அதை 55 டாலர் மட்டும் உயர்த்தி 6,215 ஆக்கியது. அந்தச் சட்டத்தில் ஒதுக்கிய ஏறத்தாழ 850 கோடி டாலரில் பெரும்பகுதி, ஆசிரியர் சம்பளம் போன்ற குறிப்பிட்ட தலைப்புகளுக்குப் போய்விட்டது. மின்கட்டணம், காப்பீடு, டீசல் எல்லாம் அடிப்படை ஒதுக்கீட்டிலிருந்தே பெரும்பாலும் கட்ட வேண்டியவை. செய்தியில் பெரிய தொகை வந்தும் மாவட்டத்தை நிர்வகிக்கும் உள்ளூர் பள்ளி வாரியம் ‘கையில் பணமில்லை’ என்று சொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம்.

பள்ளியில் சேர்ந்த மாணவர் எண்ணிக்கைக்குத்தானே பணம் தருகிறார்கள்?

இல்லை. டெக்சஸ் பணம் தருவது வந்து உட்கார்ந்த மாணவருக்கு. ஒவ்வொரு நாளும் குறித்த ஒரு நேரத்தில் வகுப்பில் இருந்தவர்களை எண்ணி, ஆண்டு முழுக்கக் கூட்டி, வேலை நாள்களால் வகுப்பதுதான் சராசரி தினசரி வருகை. அந்தப் பதிவு நேரம் தாண்டி வரும் குழந்தை அன்று முழுக்க வகுப்பில் படித்தாலும் நிதிக் கணக்கில் அன்று வராத குழந்தைதான்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். 2019 முதல் 2025 வரை இருந்த எண்களையே எடுத்துக்கொள்வோம். 500 பேர் சேர்ந்திருக்கும் மாவட்டம். வருகை 95 சதவீதம். அதாவது 475. சிறிய மாவட்டத்துக்கான கூடுதல் எடை, அதாவது அடிப்படை ஒதுக்கீட்டின் மேல் சேரும் விகிதம்: 1,600-இலிருந்து 475-ஐக் கழித்து 0.0004-ஆல் பெருக்கினால் 0.45. ஆக 475 × 6,160 × 1.45 = 42,42,700 டாலர்.

வருகை 92 சதவீதமாக இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை 460, எடை 0.456. தொகை 41,25,722 டாலர். இழப்பு சுமார் 1,17,000 டாலர். ஒரு ஆசிரியரின் சம்பளத்தைக் கொடுத்து மிச்சமும் இருக்கக்கூடிய தொகை அது. சிறப்புக் கல்வி, தொழிற்கல்வி, ஏழ்மை நிலை ஆகியவற்றுக்கான எடைகளை இதில் சேர்க்கவே இல்லை. வராத 15 குழந்தைகள் பள்ளி முழுக்கச் சிதறிக் கிடப்பதால் ஒரு வகுப்பையும் மூட முடியாது, ஒரு பேருந்தையும் நிறுத்த முடியாது. வரவு குறையும், செலவு அப்படியே நிற்கும்.

கணக்குத் தவறுவது பெரும்பாலும் வருகைப் பதிவேட்டில்தான். பதிலி ஆசிரியர் வந்த நாளில் வருகையை ஏற்றாமல் விடுவது, மருத்துவரிடம் போய்வந்த சீட்டை அலுவலகத்தில் வாங்கி வைக்காதது போன்றவை. மருத்துவரைப் பார்க்கப் போன குழந்தை அன்றே பள்ளிக்கு வந்தாலோ, பள்ளியிலிருந்து கிளம்பிப் போயிருந்தாலோ, சீட்டு இருந்தால் வந்ததாகவே கணக்காகும். அந்தச் சீட்டைக் கொடுக்க மறக்காதீர்கள்.

தீபாவளிக்கு விடுப்பு எடுத்தால் பள்ளிக்கு நட்டமா? டிசம்பரில் ஊருக்குப் போனால்?

மத முறைப்படி கடைப்பிடிக்க வேண்டிய புனித நாளுக்கு எடுக்கும் விடுப்பை டெக்சஸ் கல்விச் சட்டம் அனுமதிக்கிறது. நிதிக் கணக்கிலும் குழந்தை வந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். அதற்காகப் போய்வர ஒவ்வொரு நாள் வீதம் பயண நாளும் உண்டு. குறிப்பிட்ட பண்டிகை இந்த விதிக்குள் வருமா என்பதைப் பள்ளி அலுவலகம்தான் முடிவு செய்யும். எனவே முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சலில் ‘புனித நாள்’ என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். ‘குடும்ப நிகழ்ச்சி’ என்று எழுதினால் சாதாரண விடுப்பாகப் பதிந்துவிடுவார்கள்.

குளிர்கால விடுமுறைக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் சேர்த்துச் சென்னைக்குப் போவது வேறு கணக்கு. அதற்கு விலக்கு இல்லை. வகுப்பு நடந்த நாள்களில் 90 சதவீதமாவது வந்தால்தான் பாடத்துக்கான மதிப்பலகு (கிரெடிட்) கிடைக்கும் என்ற விதியும் இருக்கிறது. சிறிய மாவட்டத்தில் நான்கைந்து குடும்பங்கள் ஒரே மாதத்தில் அப்படிப் போனால் வருகை விகிதத்திலேயே தெரியும்.

வீட்டு மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது. வரியும் கட்டுகிறோம். அப்படியிருக்க மாவட்டம் ஏன் ஆள் குறைக்கிறது?

சூத்திரம் முதலில் மாவட்டத்துக்கு உரிய மொத்தத் தொகையைக் கணக்கிடுகிறது. அதில் உள்ளூர் வரியால் வருவது எவ்வளவு என்று பார்க்கிறது. மீதியை மட்டும் மாநிலம் தருகிறது. உங்கள் வீட்டு மதிப்பு ஏறி உள்ளூர் வரி கூடினால், மாநிலம் தரும் பங்கு அந்த அளவுக்குக் குறையும். மாவட்டத்தின் மொத்தத் தொகை மாறாது. இந்த ஒரு விஷயம் புரிந்தால் வாரியக் கூட்டங்களில் எழும் கோபத்தில் பாதி சரியான திசைக்குத் திரும்பும்: கூடுதல் வரியால் இலாபமடைவது மாநிலக் கருவூலம்.

மாவட்டம் தானாகக் கூடுதல் வருவாய் ஈட்ட ஒரு வழிதான் இருக்கிறது. அடிப்படை வரிவிகிதத்துக்கு மேல், நூறு டாலர் சொத்து மதிப்புக்கு ‘செழுமை’ சென்ட்கள் என்று 17 வரை போடலாம். முதல் 8 ‘தங்க’ சென்ட்கள். அவற்றுக்கு மாநிலம் தாராளமாக இணைத்தொகை தருகிறது, மறுபங்கீட்டுப் பிடித்தமும் (அடுத்த கேள்வியைப் பாருங்கள்) கிடையாது. அடுத்த 9 ‘செப்பு’ சென்ட்கள். அவற்றின் விளைச்சல் குறைவு. 5 சென்ட்டுக்கு மேலே போகப் பொதுவாக வாக்காளர் ஒப்புதல் தேவை. சொத்து வளம் குறைந்த சிறிய மாவட்டம் தங்க சென்ட்களை எடுக்காமல் விடுவது, மேசை மேல் வைத்த பணத்தை விட்டுவிட்டு வருவதற்குச் சமம். அப்படியொரு தேர்தல் வந்தால், 3 சென்ட் உயர்வு உங்களுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள்: 3,00,000 டாலர் வீடு, சொந்தக் குடியிருப்பு விலக்கு 1,40,000 (2025 நவம்பரில் வாக்காளர்கள் ஒப்புக்கொண்டது), மீதி 1,60,000. நூறு டாலர் மதிப்புக்கு 3 சென்ட் வீதம் ஆண்டுக்கு 48 டாலர்.

‘ராபின் ஹூட்’ என்கிறார்களே, அது என்ன?

மறுபங்கீடு. உரிய தொகையைவிட உள்ளூர் வரி அதிகமாக வந்தால், மிகுதியை மாநிலத்துக்குக் கட்ட வேண்டும். ஆஸ்டின் போன்ற பெரிய மாவட்டங்கள் மட்டும்தான் கட்டுகின்றன என்று நினைக்க வேண்டாம். எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த மேற்கு டெக்சஸில், மிகக் குறைந்த மாணவர்களைக் கொண்ட மாவட்டங்களும் கட்டுகின்றன.

இதன் வேர் சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் பகுதியில் இருக்கிறது. வரிவிகிதம் அதிகம், வருவாய் குறைவு, கட்டடங்கள் பாழ். 1968-இல் டெமெட்ரியோ ரோட்ரிகஸ் உள்ளிட்ட பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், கல்வி கூட்டாட்சி அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமை ஆகாது என்று தீர்ப்பளித்து அவர்களைத் திருப்பி அனுப்பியது. எட்ஜ்வுட் விடவில்லை. மாநில அரசியலமைப்பைக் காட்டி மறுபடி வழக்காடி, 1989-இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றத்தில் ஒருமனதாக வென்றது. அதன் விளைவாக 1993-இல் வந்ததுதான் மறுபங்கீட்டுச் சட்டம். அந்தப் பெற்றோர் இருபது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் நின்றதால்தான், சொத்து வளமில்லாத ஊர்களின் சிறிய மாவட்டங்கள் இன்று ஓரளவு நிமிர்ந்து நிற்க முடிகிறது.

புதிய உடற்பயிற்சிக் கூடம் கட்டப் பணம் இருக்கிறது, கணித ஆசிரியருக்கு இல்லையா?

இரண்டும் தனித்தனிப் பை. சொத்து வரியில் ஒரு பகுதி அன்றாடச் செலவுக்கு. மற்றொரு பகுதி கடன் அடைக்க. கட்டடத்துக்கான பாண்டு, தேர்தலில் ஒப்புதல் பெற்று வாங்கிய கடன். அதிலிருந்து சம்பளம் கொடுக்கச் சட்டம் இடம் தராது. 2019 முதல் ஒவ்வொரு பாண்டு வாக்குச்சீட்டிலும் ‘இது சொத்து வரி உயர்வு’ என்று அச்சிட வேண்டும்; பழைய கடன் முடிவதால் விகிதம் ஏறாமலே இருந்தாலும் அந்த வரி இருக்கும். ஆகவே அந்த ஒரு வரியை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், விகிதம் உண்மையில் எவ்வளவு மாறும் என்று கேளுங்கள்.

எழுத்துத் தரம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

மாநிலம் பள்ளிகளுக்கும் மாவட்டங்களுக்கும் ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை தரும் எழுத்துக்கு மூன்று பிரிவுகள். முதலாவது மாணவர் சாதனை. இரண்டாவது பள்ளி முன்னேற்றம். மூன்றாவது இடைவெளி குறைத்தல், அதாவது இனம், ஏழ்மை, ஆங்கிலம் கற்போர், சிறப்புக் கல்வி எனப் பிரித்துப் பார்ப்பது. முதல் இரண்டில் எது அதிகமோ அதற்கு 70 சதவீதம். மூன்றாவதற்கு 30 சதவீதம். மொத்தம் 90-உம் அதற்கு மேலும் என்றால் ‘ஏ’.

மாநிலம் நடத்தும் ‘ஸ்டார்’ தேர்வில் தேறியவர்களுக்கு மூன்று படிகள்: நெருங்குகிறது, எட்டுகிறது, தேர்ச்சி மிகுந்தது. மேல் படியில் இருப்பவர் கீழ்ப் படிகளிலும் எண்ணப்படுவார். முதல் பிரிவின் மதிப்பு இந்த மூன்று சதவீதங்களின் சராசரி. 72, 45, 17 என்றால் கூட்டி மூன்றால் வகுக்க 45-க்குச் சற்றுக் கீழே வரும். பிறகு அளவுகோல் மாற்றி நூற்றுக்கு ஆக்குவார்கள். இதன் பொருள்: ஏற்கெனவே ‘எட்டுகிறது’ படியில் உள்ள குழந்தையை மேல் படிக்கு ஏற்றினாலும் பள்ளிக்கு அதே அளவு புள்ளி. தோல்வி விளிம்பில் இருப்பவர்களுக்கு மட்டும் பயிற்சி தரும் பள்ளி, தனக்கு வர வேண்டிய புள்ளியையும், நன்றாகப் படிக்கும் குழந்தையின் வளர்ச்சியையும் சேர்த்தே இழக்கிறது.

இரண்டாவது பிரிவில் இரண்டு பாதைகள். ஒன்று, ஒவ்வொரு குழந்தையும் போன ஆண்டைவிட எவ்வளவு வளர்ந்தது என்பது. மற்றொன்று, இதே அளவு ஏழ்மை உள்ள பள்ளிகளோடு ஒப்பீடு. நல்லது எதுவோ அதை எடுத்துக்கொள்வார்கள். ஏழைக் குடும்பங்கள் அதிகமுள்ள ஊரில் இதுதான் நியாயமான அளவுகோல். எங்களைக் கேட்டால் எழுத்தைப் பார்க்கும் முன் இந்தப் பக்கத்தைத்தான் திறக்கச் சொல்வோம்.

2023 முதல் மாவட்டத்தின் எழுத்து, அதன் பள்ளிகளின் மதிப்பெண்களை மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப எடையிட்டு வருகிறது. ஒரே வளாகமுள்ள மாவட்டத்தில் பள்ளியின் தரமே மாவட்டத்தின் தரம். ‘ஸ்டார்’ தேர்வுக்குப் பதிலாக ஆண்டில் மூன்று சிறிய தேர்வுகள் 2027-28 கல்வியாண்டில் வரவிருப்பதால், அதற்குப் பின்வரும் எழுத்தைப் பழையதோடு நேராக ஒப்பிட முடியாது.

போன ஆண்டு ‘பி’, இந்த ஆண்டு ‘டி’. ஆசிரியர்கள் அதே ஆட்கள். என்ன நடந்தது?

முதலில் தலைகளை எண்ணுங்கள். நான்காம் வகுப்பில் 18 பேர் இருக்கிறார்கள். 11 பேர் ‘எட்டுகிறது’ படியில் இருந்தால் 61 சதவீதம்; 9 பேர் இருந்தால் 50. இரண்டு குழந்தைகளால் 11 புள்ளி சரிவு. ஒரு குடும்பம் வேறு ஊருக்குப் போனாலே எண் நகர்ந்துவிடும். இடைவெளி குறைத்தல் பிரிவில் ஒரு குழுவைக் கணக்கில் சேர்க்க வேண்டிய குறைந்தபட்ச அளவை 2023-இல் 25-இலிருந்து 10-ஆகக் குறைத்தார்கள். இதனால் முன்பு கண்ணில் படாத சிறு குழுக்கள் இப்போது எழுத்தை அசைக்கின்றன. குழந்தைகளைப் பொறுத்தவரை அது நல்லதே. ஆனால் எழுத்து ஊசலாடும்.

ஆகவே ஓராண்டு எண்ணை வைத்துத் தலைமையாசிரியரை மாற்றக் கோராதீர்கள். மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். ஒரே குழந்தைகள் மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்துக்குப் போகும்போது எப்படி நகர்ந்தார்கள் என்று பாருங்கள். மூன்று ஆண்டும் எல்லா வகுப்பிலும் கணிதம் மட்டும் இறங்கினால், அது தற்செயல் ஆகாது. பாடத்திட்டத்திலோ ஆசிரியர் நியமனத்திலோ குறை இருக்கிறது. அறிக்கையில் நட்சத்திரக் குறி இருந்தால், மாணவர் மிகக் குறைவு என்பதால் எண்ணை மறைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

உயர்நிலைப் பள்ளிக்கு மட்டும் எழுத்து ஏன் அடிக்கடி இறங்குகிறது?

அங்கே சாதனைப் பிரிவில் ‘ஸ்டார்’ தேர்வுக்கு 40 சதவீதம்தான். பட்டம் பெறும் விகிதத்துக்கு 20. மீதி 40 சதவீதம் கல்லூரி, வேலை, படைத்துறை ஆயத்தத்துக்கு. இதில் ‘ஏ’ பெற முன்பு 60 சதவீத மாணவர்கள் ஆயத்தமாக இருந்தால் போதும்; 2023 திருத்தத்தில் அதை 88 ஆக்கினார்கள். இந்தப் பாய்ச்சலை எதிர்த்து மாவட்டங்கள் வழக்குப் போட்டதால் அந்த ஆண்டின் தரங்கள் 2025 ஏப்ரலில்தான் வெளிவந்தன.

12 பேர் பட்டம் பெறும் பள்ளியில் ஒருவர் என்பது 8 சதவீதத்துக்கும் மேல். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் உரிய மதிப்பெண், கல்லூரித் தரப் பாடங்களுக்கான ஏ.பி. தேர்வில் 3, கல்லூரியோடு இணைந்த இரட்டை மதிப்பலகுப் பாடங்கள், தொழிற்சான்று, படையில் சேர்வது எனப் பல வழிகளில் ஒன்று போதும். ஆனால் எல்லாவற்றுக்கும் தாள் வேண்டும். படையில் சேர்ந்த பையனின் சேர்க்கைப் படிவத்தை வாங்கி வைக்காவிட்டால் அவன் ஆயத்தமில்லாதவனாகவே எண்ணப்படுவான். ஆலோசகர் ஒருவரே இருக்கும் பள்ளியில் புள்ளிகள் நழுவுவது இங்கேதான். இந்தத் தரவு ஓராண்டு பின்தங்கியது என்பதையும் மனத்தில் வையுங்கள்: இந்த ஆகஸ்டில் வரும் எழுத்து, போன ஆண்டு பட்டம் பெற்றவர்களைப் பற்றியது.

பணம் கூடினால் படிப்பு கூடுமா?

கூடும் என்பதற்கு வலுவான சான்று உண்டு. கிராபோ ஜாக்சன், ரக்கர் ஜான்சன், கிளாடியா பெர்சிகோ ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், நீதிமன்றத் தீர்ப்புகளால் நிதி கூடிய மாவட்டங்களின் குழந்தைகளை வளர்ந்த பிறகும் தொடர்ந்து பார்த்தார்கள். 12 ஆண்டுகளும் செலவு 10 சதவீதம் கூடினால், ஊதியம் சுமார் 7 சதவீதம் கூடியது. ஏழைக் குடும்பக் குழந்தைகளிடம் பலன் இன்னும் பெரியது. ஆனால் ஓராண்டு வந்து நின்றுபோகும் மானியத்தை வைத்து இதை எதிர்பார்க்கக் கூடாது.

ஆசிரியர்கள் நிலைக்காமல் போகிறார்களே?

பக்கத்துப் பெரிய மாவட்டம் சில ஆயிரம் டாலர் கூடுதலாகத் தந்தால் போதும், ஐந்தாண்டு அனுபவம் வந்தவுடன் கிளம்பிவிடுவார்கள். 2025 சட்டம் இதைத்தான் குறிவைத்தது. 5,000-க்கு மிகாத மாணவர்கள் உள்ள மாவட்டங்களில் 3, 4 ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியருக்கு 4,000 டாலர். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 8,000. பெரிய மாவட்டங்களுக்கு முறையே 2,500, 5,000 மட்டுமே. இது வகுப்பறை ஆசிரியருக்கு மட்டும். செவிலியர், நூலகர், பேருந்து ஓட்டுநர் ஆகியோருக்கு இந்தத் தொகை கிடையாது. அவர்களுக்கான ஒதுக்கீடு தனி, மிகச் சிறியது.

வாரத்துக்கு நான்கு நாள் பள்ளி நல்லதா?

ஆண்டுக்கு 75,600 நிமிடம் நடத்தினால் போதும் என்று சட்டம் நாள் கணக்கை நிமிடக் கணக்காக மாற்றியதால் இது சாத்தியமானது. சேமிப்பு வரவுசெலவில் ஒன்றிரண்டு சதவீத அளவுக்கே வரும். உண்மையான நோக்கம் ஆசிரியரை ஈர்ப்பது. ஓரிகன் மாநிலத் தரவுகளில் வாசிப்பும் கணிதமும் சற்றே இறங்கின. உங்கள் மாவட்டம் இதை முன்மொழிந்தால், ஐந்தாம் நாள் சிறு குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வார்கள், மதிய உணவு யார் தருவார்கள் என்று முதலில் கேளுங்கள்.

மாவட்டத்தையே மூடிவிட முடியுமா?

முடியும், நடந்திருக்கிறது. வில்மர்-ஹட்சின்ஸ் 2006-இல் டாலஸோடும், நார்த் ஃபாரஸ்ட் 2013-இல் ஹூஸ்டனோடும், லா மார்க் 2016-இல் டெக்சஸ் சிட்டியோடும் சேர்க்கப்பட்டன. ஒரு பள்ளி தொடர்ந்து ஐந்து ஆண்டு ஏற்கத்தகாத தரம் பெற்றால், கல்வி ஆணையர் அந்தப் பள்ளியை மூட வேண்டும், அல்லது மாவட்டத்துக்கே நிர்வாகக் குழுவை நியமிக்க வேண்டும்.

வாரியக் கூட்டத்தில் என்ன கேட்பது?

நிதியாண்டு ஜூலை 1 அல்லது செப்டம்பர் 1-இல் தொடங்கும். வரவுசெலவுப் பொது விசாரணை அதற்கு முன் நடக்கும். நிகழ்ச்சிநிரலில் உள்ள பொருள் பற்றிப் பேச 2019 சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. பெயரை முன்பே பதிய வேண்டியிருக்கும்.

போகும் முன், மாவட்டத்தின் ‘நிதிச் சுருக்கம்’ என்ற மாநில அறிக்கையையும், கல்விச் செயல்பாட்டு ஆண்டறிக்கையையும் எடுத்துவையுங்கள். இணையத்தில் கிடைக்காததைப் பொதுத் தகவல் சட்டப்படி எழுத்தில் கேட்கலாம். பிறகு இவற்றைக் கேளுங்கள்: அடுத்த ஆண்டு வருகையை எத்தனை என்று மதிப்பிட்டிருக்கிறீர்கள், போன ஆண்டு மதிப்பீடு உண்மையிலிருந்து எவ்வளவு விலகியது? வருகையை அதிகமாக மதிப்பிட்டால் மாநிலம் கூடுதலாகக் கொடுத்ததைப் பின்னால் பிடித்துக்கொள்ளும். சிறிய மாவட்டங்கள் திடீரென்று நெருக்கடியில் விழுவது பெரும்பாலும் இப்படித்தான். சேமிப்பு எத்தனை நாள் செலவுக்குத் தாங்கும்? 75 முதல் 90 நாள் என்பது பொதுவான எதிர்பார்ப்பு; அதற்குக் கீழே போனால், வரிப்பணம் வந்து சேரும் குளிர்காலம் வரை சம்பளம் கொடுக்கவே திணறும். தங்க சென்ட்களில் எத்தனை பயன்படுத்தாமல் இருக்கின்றன? கணிதம், அறிவியல், சிறப்புக் கல்வியில் சான்றிதழ் இல்லாத ஆசிரியர்கள் எத்தனை பேர், எந்த வகுப்புகளில்?

பதில் சதவீதத்தில் வந்தால், எத்தனை குழந்தைகள் என்று மறுபடி கேளுங்கள்.